துணைக்குப் படித்த பௌதிகம்

கல்லூரி அலுவலகத்தின் ஜன்னலுக்கு வெளியே தாத்தா நின்ற நிற்பு இன்னும் அப்படியே கண்ணில் இருக்கிறது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கம்பிக்குள் முகத்தை நீட்டி, உள்ளே இருந்த எழுத்தரிடம், "ஐயா, இது எம் மக. இது எம் பேத்தி. ரெண்டு பேரையும் ஒரே கிளாஸாப் போட்டுருங்க" என்றார். "எந்தக் கிளாஸு?" என்று எழுத்தர் கேட்டார். தாத்தா திரும்பி என் சித்தியைப் பார்த்தார். "பௌதிகம்" என்றாள் சித்தி. "ரெண்டும் பௌதிகம்" என்று தாத்தா ஜன்னலுக்குள் சொன்னார். நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வரலாறு படிக்க வேண்டும் என்று பி.யு.சி. படித்த வருடம் முழுக்க வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு மூன்று வருடப் பட்டப்படிப்பும், அதற்குப் பின் முப்பது வருட உத்தியோகமும் முடிவாகிவிட்டன. பணி ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

சித்தி என்றால் வயதில் மூத்தவள் என்று நினைத்துவிட வேண்டாம். என் அம்மா வீட்டுக்கு மூத்த பெண், சித்தி கடைக்குட்டி. எனக்கும் அவளுக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். போடிக்குப் பக்கத்தில் சிலமலை என்ற ஊரில் ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்து வளர்ந்தோம். எங்கள் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பெண்பிள்ளையைப் படிக்க அனுப்புவதென்றால் சோடியாகத்தான் அனுப்புவார்கள். அக்காளும் தங்கையுமோ, அத்தை மகளும் மாமன் மகளுமோ, எப்படியோ இரண்டு பேர். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருத்தியும் அன்றைக்கு வீட்டில்தான். எங்கள் தெருவில் அப்படிப் போய்வந்த இருவரில் ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. மறுநாளிலிருந்து மற்றவளுக்கும் படிப்பு நின்றுபோனது. அவள் என்ன தப்புச் செய்தாள் என்று யாரும் கேட்கவில்லை. அது கேள்வியாகவே யாருக்கும் தோன்றவில்லை. சித்தி பௌதிகம் படிக்க வேண்டுமானால் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்தாக வேண்டும். அந்த ஒருத்தி நான்.

அவளுக்கு அந்தப் பாடத்தின் மேல் அப்படி என்ன ஆசை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். புத்தகப் பைத்தியம் என்று சொல்ல முடியாது. எதையும் அளந்து பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டாள், அவ்வளவுதான். போடிமெட்டுக்குக் கீழே தாத்தாவுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. காய் பறிப்புச் சமயத்தில் நாங்களும் மேலே போவோம். அங்கே சோறு வேகவே வேகாது. மலைத் தண்ணி அப்படி என்று எல்லாரும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம், உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்று பாடத்தில் வந்தது. சித்தி பெஞ்சுக்கு அடியில் என் தொடையைக் கிள்ளி, "பாவம்டி அந்தத் தண்ணி. இத்தனை வருசமா அது மேல பழி போட்டுக்கிட்டு இருக்காங்க" என்றாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு எந்தப் பாடத்திலும் கிடைத்ததில்லை.

என் பங்குக்குக் கிடைத்ததெல்லாம் எரிச்சல்தான். பௌதிக ஆய்வுக்கூடம் ஒரு பழைய கட்டடத்தில் இருந்தது. நிறமாலை பார்க்க ஏற்றும் சோடியம் விளக்கு சூடேறி மஞ்சளாக எரியக் கால்மணி நேரம் ஆகும். எரிந்து, தொலைநோக்கியில் கோட்டைப் பிடித்து, வெர்னியர் அளவுகோலில் கண்ணை வைக்கும் நேரம் பார்த்துக் கரண்டு போகும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆடி மாதத்தில் கரண்டு இருந்தால் காற்று விடாது. சோனோமீட்டர் என்று ஒரு பெட்டி உண்டு. இழுத்துக் கட்டிய கம்பியின் மேல் மடித்த காகிதத் துண்டு ஒன்றை வைப்போம். இசைக்கவையைத் தட்டிப் பெட்டியில் ஊன்றினால், கம்பியின் நீளம் சரியாக இருக்கும்போது அது அதிர்ந்து காகிதத்தைத் தூக்கி எறியும். மலைக் கணவாயிலிருந்து இறங்கும் ஆடிக்காற்றுக்கு அந்த நியாயமெல்லாம் கிடையாது. கவையைத் தட்டுவதற்கு முன்பே காகிதம் பறக்கும். "வந்துருச்சு சார்!" என்று பையன்கள் கத்திவிட்டு நீளத்தை எழுதிக்கொள்வார்கள். நானும் எழுதிக்கொள்வேன். சித்தி மட்டும் ஜன்னலை அடைத்துவிட்டு, என்னைத் தாவணித் தலைப்பை விரித்துப் பிடிக்கச் சொல்லிக் காற்றுக்கு மறைப்பாக நிற்கவைத்து, மீண்டும் மீண்டும் பார்ப்பாள். நான் கால் கடுக்க நின்றுகொண்டு நான்கரை மணி பஸ்சை நினைத்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் வகுப்பில் எல்லாரும் செய்த வேலை ஒன்றுதான். வரவேண்டிய விடை புத்தகத்தில் இருக்கிறது. அதிலிருந்து கணக்கைப் பின்பக்கமாகப் போட்டுக்கொண்டு வந்தால், அளவுகள் என்னவாக இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். அங்கங்கே கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதினால் பார்ப்பதற்கு நிஜம் போலவே இருக்கும். நான் அதில் கைதேர்ந்தவள். என்னைப் பார்த்து எழுதப் பையன்களே வருவார்கள். சித்தி என்னைத் தடுத்ததுமில்லை, உபதேசம் செய்ததுமில்லை. "உனக்குப் பஸ்சு பிடிக்கணும், எழுதிக்க" என்பாள். தன்னுடையதை மட்டும் அளந்தபடியேதான் எழுதுவாள்.

அப்படி அளப்பவளுக்குத்தான் மேற்கு மேசை வந்து வாய்த்தது. ஆய்வுக்கூடத்தின் மேற்குச் சுவரோரம் சிமென்டில் பதித்த ஒரு கல்மேசை. காந்தமானி சோதனைக்கு அதைத்தான் ஒதுக்கியிருந்தார்கள். பூமி ஒரு காந்தமுள்ளைத் தன் திசைக்கு எவ்வளவு வலுவாக இழுத்துப் பிடிக்கிறது என்று கண்டுபிடிக்கும் சோதனை அது. எங்கள் பகுதிக்கு விடை பூஜ்யம் புள்ளி மூன்று எட்டு. எல்லாரும் அதை முப்பத்தெட்டு என்றே சொல்வோம். சித்தி எத்தனை தடவை செய்தாலும் அந்த மேசையில் முப்பத்தொன்றுதான் வந்தது. கணக்கைப் பார்த்தாள், காந்தத்தை மாற்றினாள், வேறு முள் பெட்டி வாங்கிவந்தாள். அப்போதும் முப்பத்தொன்றுதான். ஒரு சனிக்கிழமை அனுமதி வாங்கி, கருவியைத் தூக்கிக்கொண்டு மைதானத்து வேப்பமரத்தடிக்குப் போனோம். ஸ்டூலைச் சுமந்தது நான் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மரத்தடியில் அச்சாக முப்பத்தெட்டு வந்தது. திரும்பி வந்து மேற்கு மேசையின் பின்னால் எட்டிப் பார்த்தாள். மேல்தளத்தைத் தாங்குவதற்காகப் பழைய ரயில் தண்டவாளம் ஒன்றைச் சுவரோடு சேர்த்துத் தூணாக நட்டு, மேலே சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அத்தனை பெரிய இரும்பு பக்கத்தில் நின்றால் முள் பூமியின் பேச்சை மட்டும் எப்படிக் கேட்கும்?

சித்தி ஏதோ புதையல் கண்டவள் மாதிரி ஓடிப்போய், ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொண்ட ஆசிரியரிடம் சொன்னாள். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"தெரியும்மா. எனக்கு முன்னாடி இருந்தவருக்கும் தெரியும். அந்த மேசையில உக்காந்தா முப்பத்தெட்டு வர்ற மாதிரி எழுதிட்டுப் போயிரணும். இங்க வழக்கம் அதுதான்."

"தூணு இருக்குன்னு ஒரு சீட்டாவது எழுதி ஒட்டி வைக்கலாம்ல சார்?"

"ஒட்டி வச்சா பரிச்சைக்கு வெளியில இருந்து வர்றவரு என்னையல்ல கேப்பாரு?"

சித்தி வெளியே வந்துவிட்டாள். அவளுக்கு ஆத்திரம் தூணின் மேல் இல்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது என்பதுதான் அவளைக் கலக்கிவிட்டது. "தெரியாம எழுதுனாக்கூடச் சரிங்கலாம்டி" என்று பஸ்சில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

மூன்றாம் வருடத்தில் அவளுக்கு எம்.எஸ்ஸி. ஆசை வந்தது. அதற்கு மதுரைக்குப் போக வேண்டும், விடுதியில் தங்க வேண்டும். வீட்டில் கேட்பதற்கே யாருக்கும் துணிச்சல் இல்லாத காரியம். ஒரு நாள் தாத்தா சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, நேராகவே கேட்டுவிட்டாள். தாத்தா வெகுநேரம் கையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தார். பிறகு, "ரெண்டு பேரும் பர்ஸ்ட் கிளாஸ் எடுங்க. ரெண்டு பேருக்கும் எடம் கெடைச்சா மதுரைக்குப் போங்க. ஒருத்திக்குக் கெடைச்சு ஒருத்திக்குக் கெடைக்கலேன்னா வேணாம் ஆத்தா. ஒத்தையில விட முடியாது" என்றார். இந்தத் தடவையும் என்னை யாரும் கேட்கவில்லை. ஆனால் இந்தத் தடவை எனக்கும் ஆசை இருந்தது. பௌதிகத்தின் மேல் இல்லை, மதுரையின் மேல். அந்த ஊரில் பெரிய நூலகங்கள் இருக்கின்றன, பாடம் எதுவாக இருந்தாலும் நான் விரும்பியதை அங்கே உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்த வருடம் நான் படித்த படிப்பு எனக்கே நம்ப முடியவில்லை. துணையாகப் போனவளே காலை வாரிவிட்டாள் என்ற பேர் எனக்கு வேண்டாம்.

செய்முறைத் தேர்வில் சீட்டு எடுக்கச் சொல்வார்கள். சீட்டில் வரும் சோதனையைச் செய்து முடிக்க வேண்டும். எனக்குக் கூட்டு ஊசல் வந்தது. சித்தி சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு மேற்கு மேசையை நோக்கி நடந்தாள். "முப்பத்தெட்டு எழுதிரு சித்தி" என்று அவள் என்னைக் கடக்கும்போது வாய்க்குள் சொன்னேன். காதில் விழுந்தது எனக்குத் தெரியும். என் ஊசலை நாலு ஆட்டு ஆட்டிவிட்டு, புத்தகத்து விடைக்கு ஒரு முடி தள்ளி வரும்படி எழுதி முடித்துவிட்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நிதானமாக முள் பெட்டியைத் தட்டி, குனிந்து, ஒற்றைக் கண்ணால் பார்த்து, எழுதிக்கொண்டிருந்தாள். விடைக்குக் கீழே இன்னும் ஏதோ எழுதுகிறாள் என்பது தெரிந்தது. முப்பத்தொன்று என்று எழுதி, மேசைக்குப் பின்னால் இருக்கும் இரும்புத் தூணால் இந்த வேறுபாடு வருகிறது, திறந்தவெளியில் செய்தால் முப்பத்தெட்டு வரும் என்று அடியில் குறித்திருக்கிறாள்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் வயதானவர். தாளைத் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

"ஏம்மா, உங்க ஊருக்கு மட்டும் தனிப் பூமியா?"

"பூமி ஒண்ணுதான் சார். தூணு வேற" என்றாள் சித்தி.

அவள் குறும்பாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். ஆனால் பையன்கள் சிரித்துவிட்டார்கள். தேர்வாளரின் முகம் கறுத்தது. எங்கள் ஆய்வுக்கூட ஆசிரியர் அவருக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். தூண் இருப்பது தெரியும், முப்பத்தொன்று வருவது தெரியும், முன்னாடி இருந்தவருக்கும் தெரியும் என்று சொன்ன அதே மனிதர், தரையில் எதையோ தொலைத்தவர் மாதிரி குனிந்து நின்றார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர் நல்லவர், பிள்ளைகளிடம் பிரியமாக இருப்பவர் என்று யாராவது பேசினால் எழுந்து போய்விடுவேன்.

எழுத்துத் தேர்வுகளில் சித்திதான் வகுப்பிலேயே முதல். செய்முறையில் போட்ட மதிப்பெண் அவளை இரண்டாம் வகுப்புக்கு இழுத்துவிட்டது. எனக்கு முதல் வகுப்பு. தாத்தாவிடம் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது எதிர்த்துச் சண்டை போட்டிருக்கலாம். "ஒண்ணுக்கு இருக்கு, ஒண்ணுக்கு இல்லேங்குறாக. அப்ப விட்டுருங்க ஆத்தா" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பாய்ச்சக் கிளம்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் நான் சித்தியைப் பிடித்துக்கொண்டேன். முறை மறந்து, மரியாதை மறந்து கத்தினேன். "ஒரே ஒரு எண்ணுதானடி! அதை மாத்தி எழுதியிருந்தா உனக்கு என்னடி கொறஞ்சு போச்சு? நீயும் போகல, என்னையும் போக விடல." அவள் வாளியை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "தூணு அங்க நிக்கிதே. இல்லாத மாதிரி எப்படி எழுதச் சொல்ற?" என்றாள். அவள் சொன்னது சரி என்பது எனக்குத் தெரியும். அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. தப்புச் செய்தவளாக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். சரியானதைச் செய்துவிட்டு இரண்டு பேரையும் வீட்டில் உட்காரவைத்தவளை என்ன சொல்லித் திட்டுவது?

அந்த வருடமே அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. உறவுதான், மாப்பிள்ளை வீட்டுக்குப் போடிமெட்டுப் பக்கம் ஏலத்தோட்டம். சித்தி மலையேறிவிட்டாள். எனக்குப் போடியிலேயே இடம் அமைந்தது. கணவர் தடை சொல்லாததால் ஆசிரியர் பயிற்சி முடித்து, அங்கேயே ஒரு பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். என்ன பாடம் என்று சொல்லவும் வேண்டுமா? கையில் இருந்த பட்டம் அது ஒன்றுதான். நான் ஓம் விதியைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் வரலாற்று ஆசிரியை பாண்டியர்களைப் பற்றி, எழுதிவைத்ததை ஒப்பிப்பது போல உயிரே இல்லாமல் நடத்திக்கொண்டிருப்பது கேட்கும். சுண்ணக்கட்டி என் கையில் பல தடவை உடைந்திருக்கிறது. உடையும்போதெல்லாம் நான் மனசுக்குள் திட்டியது தாத்தாவையோ தேர்வாளரையோ அல்ல, சித்தியைத்தான். வெளியில் ஒரு குறையும் வைக்கவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவள் இறங்கி வந்தால் விழுந்து விழுந்து கவனிப்பேன். அவளும் ஏலக்காயும் மிளகும் கொண்டுவந்து கொட்டுவாள். சிரிப்பும் பேச்சுமாக நாள் போகும். காந்தமானியைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்க மாட்டோம்.

எண்பதுகளின் கடைசியில் அவள் மகள் ஐந்தாம் வகுப்பு முடித்தாள். மலைப் பள்ளிக்கூடம் அவ்வளவுதான். என் வீட்டில் தங்கிப் போடியில் என் பள்ளியிலேயே படிக்கட்டும் என்று சித்தி சொல்லியனுப்பினாள். கூட்டிவர நானே மேலே போனேன். முறைப்படி அந்தச் சின்னவள் எனக்குத் தங்கை. பத்து வயதுக் குழந்தை என்னை அக்கா என்று கூப்பிடும். தகரப்பெட்டி கட்டி வாசலில் தயாராக இருந்தது. அப்போதுதான் சித்தியின் மாமியார் ஆரம்பித்தார்.

"ஒத்தையில எப்படி அனுப்புறது? எளையவன் மகளையும் சேத்து அனுப்பு. துணைக்குத் துணையாச்சு."

சித்தியின் கொழுந்தனார் மகள் இன்னும் நாலாம் வகுப்பையே முடிக்கவில்லை. அதற்கு இங்கேயே ஒரு வருடப் படிப்பு மிச்சம் இருக்கிறது. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்ததும் அது ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது.

"அவ வேணாம் அத்தே. அவளுக்கு இஷ்டமில்ல" என்றாள் சித்தி.

"சின்னக் கழுதைக்கு என்ன இஷ்டம் கெடக்கு? போனாப் பழகிரும்."

"பழகாது அத்தே. துணைக்குன்னு இழுத்துவிட்டா கடைசி வரைக்கும் பழகாது. வெளிய நல்லாத்தான் இருப்பா. வந்தா வாங்கன்னுவா, கோழி அடிச்சுக் கொழம்பு வைப்பா, லெட்டர் போடுவா. உள்ளுக்குள்ள திட்டிக்கிட்டேதான் இருப்பா."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. இத்தனை வருடமாக யாருக்கும் தெரியாமல் மூடி வைத்திருக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அவளுக்கு வார்த்தைக்கு வார்த்தை தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் ஏலக்காய் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள்.

"அப்ப ரெண்டும் போக வேணாம்" என்றார் மாமியார்.

சித்தி தகரப்பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து ஜீப்பு நிற்கும் ரோட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அந்தக் கிணத்தடிக்கு அப்புறம் நான் எப்பச் சித்தி உன்னையத் திட்டினேன்?"

"சொன்னாத்தானா? பக்கத்து எடத்துலதானடி உக்காந்திருந்தேன்" என்றாள். அவள் குரலில் வருத்தமும் இல்லை, கேலியும் இல்லை.

ஜீப்பில் தோட்டத்து ஆட்கள் ஏற்கெனவே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். "சேச்சி, வெரசா ஏறுங்க, லோடு ஆயிருச்சு" என்று டிரைவர் மலையாளம் கலந்து அவசரப்படுத்தினான். சித்தி மகளை உள்ளே ஏற்றி, பெட்டியை அவள் காலடியில் தள்ளிவிட்டு, விலகி நின்றாள். வண்டி முதல் வளைவில் திரும்பும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

கீழே போடி ஊர் தெரிய ஆரம்பித்ததும் சின்னவள் என் சேலையைப் பிடித்து இழுத்து, "அக்கா, பள்ளிக்கூடத்துல எனக்குத் துணைக்கு யாரு இருப்பா?" என்று கேட்டாள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் வழக்கம்போல எனக்குச் சுள்ளென்று வந்தது. அந்த எரிச்சலோடேதான் சொன்னேன், "நான்தான் இருக்கேன்ல" என்று. இந்தத் தடவை என்னைத்தான் கேட்டார்கள்.